பச்சைப் புள்ளி போட்ட பை

மேஸ்திரி நான்காவது முறையாக மணல் தட்டில் ஏறி உட்கார்ந்தபோதுதான் பாண்டுரங்கனுக்குப் பயம் வந்தது. மூன்று முறை வரைக்கும் மனுஷன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாம். நான்காவது முறைக்கு மனசுக்கே வெட்கமாக இருக்கும். மேஸ்திரி முதுகை வளைத்து, கண்ணை இடுக்கி, முக்கினான். ஒரு நிமிடம் கழித்து எழுந்து, ஒன்றுமே இல்லாத இடத்தை மணலைத் தள்ளி ஒழுங்காக மூடினான். பாண்டுரங்கன் குனிந்து விரலால் கிளறிப் பார்த்தார். மணல் காய்ந்து கிடந்தது.

மேஸ்திரி என்பது பூனையின் பெயர். ஐந்து வயது ஆண் பூனை, செம்பட்டை நிறம். வாலை நிமிர்த்திக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பார்வையிட்டுவிட்டு, எதிலோ குறை கண்டுபிடித்த முகத்தோடு திரும்பி வருவான். அதனால் கலைப்பிரியா வைத்த பெயர் அது. கலைப்பிரியா பாண்டுரங்கனின் ஒரே மகள், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவது இப்போது எட்டாம் மாதத்தில் இருந்தது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, பிரயாணம் கூடாது, மனசுக்கு அதிர்ச்சி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூனை முடி பிள்ளைக்கு ஆகாது என்று அவளுடைய மாமியார் சொல்ல, ஆடி மாதக் கடைசியில் மாப்பிள்ளை வல்லரசு மேஸ்திரியைக் கூடையில் வைத்துத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கலைப்பிரியா வீடியோவில் கூப்பிடுவாள். அப்பா அம்மாவிடம் இரண்டு வார்த்தை, மேஸ்திரியிடம் இருபது வார்த்தை. "என் புள்ள வர்ற வரைக்கும் அவன்தாம்பா என் புள்ள, பத்திரமா பாத்துக்கோங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இன்றைக்கும் ஏழு மணி வரும். பாண்டுரங்கன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னாங்க, காலையிலேர்ந்து மண்ணையே கெளறிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டபடி வந்தாள் அவர் மனைவி தையல்நாயகி. குளித்த ஈரத் தலையோடு, கையில் அரிசி களைந்த பாத்திரத்தோடு நின்றாள். அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட வேண்டும்.

"வெளிக்குப் போவல தையலு. முக்கிக்கினே இருக்கான்."

"கட்டிக்கினு இருக்கும். வௌக்கெண்ண ரெண்டு சொட்டு வுட்டா சரியாப் பூடும். கலைக்குச் சின்னதுல அதானே குடுத்தேன்?"

மகளுக்குச் சரியானது பூனைக்கும் சரியாகும் என்று இருவருமே நம்பினார்கள். பாண்டுரங்கன் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, தையல்நாயகி கரண்டிக் காம்பால் வாயைத் திறந்து விளக்கெண்ணெயை விட்டாள். மேஸ்திரி அவர் மணிக்கட்டில் நாலு கோடு கிழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். கீறல் எரிந்தது. அது பெரிதாகத் தெரியவில்லை அவருக்கு. உள்ளே வேறொன்று எரிந்துகொண்டிருந்தது.

அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தையல்நாயகிக்குத் திருப்பதிப் பெருமாள்தான் எல்லாம். எல்லா வருடமும் புரட்டாசியில் வீட்டில் கவிச்சி கிடையாது. அதில் பாண்டுரங்கனுக்கும் வருத்தம் இல்லை. ஆனால் இந்த வருடம் அவள் ஒரு படி மேலே போனாள். பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வரவேண்டும், அதற்காகப் புரட்டாசி முடியும்வரை வாசற்படிக்கு உள்ளே மீன் வாடையே நுழையாது என்று வேண்டிக்கொண்டாள். மேஸ்திரியோ தினமும் அவித்த கவலை மீன் தின்று வளர்ந்தவன். புரட்டாசி முதல் தேதி தட்டில் தயிர்சோறு விழுந்தது. மேஸ்திரி தயிர்சோற்றைப் பார்த்தான், பாண்டுரங்கனைப் பார்த்தான், திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

வேண்டுதலையும் மீறக் கூடாது, பூனையும் சாகக் கூடாது. அப்போதுதான் பாண்டுரங்கன் போனைத் திறந்தார்.

பாண்டுரங்கன் யார்? திண்டிவனம் மார்க்கெட்டில் முப்பது வருடமாக மல்லாட்டைத் தரகர்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். மூட்டை இறங்கினால் குத்தூசியை எடுத்துச் சாக்கின் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் செருகுவார். ஊசிப் பள்ளத்தில் வரும் காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார், உடைப்பார், பருப்பைக் கடிப்பார், தோலை நகத்தால் சுரண்டுவார். மேலே நல்ல காயைக் கொட்டி அடியில் சொத்தையை வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், அவர் தலையைக் கண்டாலே மூட்டையை வேறு பக்கம் இறக்குவார்கள். அப்பேர்ப்பட்டவர் பூனைத் தீனியைப் படம் பார்த்து வாங்கினார்.

போனில் ஒரு பை. பையின் மேல் ஒரு வெள்ளைப் பூனை. ஓரத்தில் பச்சைச் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி. பிஸ்கட்டிலும் சத்து மாவிலும் இருக்குமே, அதே சைவப் புள்ளி. பாண்டுரங்கனுக்குப் பெருமாளே நேரில் வந்து புள்ளி வைத்ததுபோல இருந்தது. விற்கிறவன் யார், எந்த ஊர் என்று பார்க்கவில்லை. கீழே வாங்கியவர்கள் எழுதியிருந்ததை மட்டும் படித்தார். எல்லாமே ஐந்து நட்சத்திரம். 'எங்கள் டாமி விரும்பிச் சாப்பிடுகிறான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, டாமி சாப்பிட்டால் மேஸ்திரியும் சாப்பிடுவான் என்று பட்டனை அழுத்திவிட்டார்.

பை மறுநாளே வந்தது. தையல்நாயகி முன்னும் பின்னும் திருப்பி, பச்சைப் புள்ளியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்துவிட்டு, "சரி, போடுங்க" என்று உத்தரவு கொடுத்தாள். மேஸ்திரி அந்த உருண்டைகளை முகர்ந்தான். முன்னங்காலால் தரையைப் பறண்டினான், அசிங்கத்தை மூடுவதுபோல.

அங்கேதான் பாண்டுரங்கன் சறுக்கினார். பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் போய், மகளுக்கு மசக்கை என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, ஒரு கை கருவாடு வாங்கினார். எட்டாம் மாதத்தில் என்ன மசக்கை என்று அந்தம்மா கேட்காதது அவருடைய புண்ணியம். கருவாட்டை மொட்டைமாடியில் மூன்று செங்கல் வைத்து வறுத்துப் பொடித்து, ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் தீனியோடு சேர்த்துக் குலுக்கி, அங்கேயே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார். தினமும் காலையும் மாலையும் பூனையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மேஸ்திரி மொறுமொறுவென்று தின்றான். மொட்டைமாடி வாசற்படிக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியேதான் என்று பாண்டுரங்கன் பெருமாளோடு தனியாக ஒரு வழக்குப் பேசி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். அந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்ட பூனை மேஸ்திரி அல்ல.

இப்போது மேஸ்திரி கட்டிலுக்கு அடியில் கிடந்தான். பதினோரு மணிக்கு முனக ஆரம்பித்தான். பூனை முனகல்போல அது இல்லை. கைக்குழந்தை தூக்கத்தில் அழுவதுபோல இருந்தது. பாண்டுரங்கன் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். மேஸ்திரி தன் பின்பக்கத்தை விடாமல் நக்கிக்கொண்டிருந்தான்.

போனில் தேடினார். 'பூனை முக்குகிறது' என்று தட்டினார். முதலில் வந்ததைப் படித்தவுடன் போனை மூடிவிட்டார். மறுபடி திறந்து படித்தார். ஆண் பூனை அடிக்கடி போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுந்தால் அது மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள், சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், ஒரு நாள் இரண்டு நாளில் உயிர் போய்விடும், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள் என்று போட்டிருந்தது. விளக்கெண்ணெயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நேற்று ராத்திரி மணல் நனைந்திருந்ததா? நினைவில்லை. முந்தாநாள்? அதுவும் நினைவில்லை. தின்றானா என்று தினமும் பார்த்தவர், குடித்தானா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் தெரிந்த மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். அவர் எங்கோ கிராமத்தில் கோமாரி ஊசி முகாமில் இருந்தார். "பூனையா? எங்கிட்ட அதுக்கான ட்யூப் கிடையாதுங்க. விழுப்புரம் போயிடுங்க, ஜல்தி" என்று வைத்துவிட்டார். விழுப்புரம்! மகள் படுத்திருக்கிற ஊர்.

கூடத்தில் தலைவாழை இலையில் சோறு குவிந்து, நாமம் போட்ட சொம்பு வைத்து, மாவிளக்கில் நெய் ஊற்றித் திரி போட்டாகிவிட்டது. தையல்நாயகி தீப்பெட்டியைக் கையில் எடுத்த சமயம், மேஸ்திரி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். நாலு அடி நடந்தான். நுரையாக வாந்தி எடுத்தான். பிறகு அங்கேயே, இலைக்கு ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் சாய்ந்தான்.

அவ்வளவுதான், வீடே ரெண்டுபடப் போகிறது என்று பாண்டுரங்கன் நினைத்தார். தையல்நாயகி விளக்கைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"முருவையனுக்குப் போன் போடுங்க. வெளக்க வந்து ஏத்திக்கலாம்."

முருகையன் மார்க்கெட்டுக்கு மல்லாட்டை மூட்டை அடிக்கிற குட்டியானைச் சரக்கு வண்டிக்காரன். பத்து நிமிடத்தில் வந்து நின்றான். தையல்நாயகி அதற்குள் மாடிக்கு ஒரு முறை, சமையற்கட்டுக்கு ஒரு முறை ஓடி, மஞ்சப் பையில் எதையோ திணித்துக்கொண்டு வந்தாள். பூஜைச் சாமான் என்று நினைத்தார் பாண்டுரங்கன். காய்கறி கிரேட்டில் பழைய புடவையை விரித்து, மேஸ்திரியைக் கிடத்தி, மேலே இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, விழுப்புரத்துல நாய் பூனைக்குன்னே ஒரு டாக்டரம்மா கீறாங்க. எங்க மொதலாளி நாயக் கொண்ணாந்து காட்டியிருக்கேன். கவலப்படாதீங்க" என்றான் முருகையன்.

கவலைப்படாதே என்று யாராவது சொல்லும்போதுதான் கவலை முழுசாக வந்து உட்காரும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் சனிக்கிழமைக் கூட்டம். முன்னால் பஸ், பின்னால் பஸ். கிரேட்டுக்குள் முனகல் கேட்டால் பாண்டுரங்கனுக்குப் பயமாக இருந்தது. நின்றால் இன்னும் பயமாக இருந்தது. இடுக்கில் விரலை விட்டு வயிறு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் தையல்நாயகி உதட்டுக்குள் கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த நாமத்தைக் கேட்கக் கேட்க அவருக்குப் பயம் கூடியது. வேண்டுதல் மகளுக்காக. மீறியது அவர். பெருமாள் கணக்குத் தீர்ப்பதென்றால் பூனையோடு நிறுத்திக்கொள்வாரா? இல்லை, அடுத்து விழுப்புரத்தில் படுத்திருக்கிறவள் பக்கம் திரும்புவாரா? சீ, இது என்ன புத்தி, ஒரு கை கருவாட்டுக்கா என்று தன்னையே அதட்டினார். அதட்டலுக்குப் பயம் அடங்கவில்லை. மனைவியிடம் இப்போதே சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும், "டோல்கேட்டு எப்பதான் நவுருமோ" என்றுதான் வந்தது.

டாக்டரம்மாவின் பெயர் அன்புச்செல்வி. முப்பது வயதுகூட இருக்காது. ஒற்றை ஷட்டர் கடையைத்தான் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார். கலைப்பிரியாவின் வீட்டிலிருந்து அது இரண்டு தெரு தள்ளி இருப்பதை இறங்கியபோதுதான் பாண்டுரங்கன் கவனித்தார். வல்லரசின் பைக் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று தெருவைப் பார்த்தபடியே உள்ளே போனார்.

டாக்டர் மேஸ்திரியின் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "மலச்சிக்கல் இல்ல சார். மூத்திரப் பை. கல்லு மாதிரி இருக்கு, தொட்டுப் பாருங்க." அவர் பாண்டுரங்கனின் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சாத்துக்குடி அளவுக்கு, கெட்டியாக இருந்தது. "நேத்து சாயங்காலத்துலேர்ந்தே அடைச்சிருக்கும். விஷம் ரத்தத்துல ஏறிட்டிருக்கு. இப்ப மயக்கம் குடுத்து ட்யூப் போடணும். மயக்கத்துலயே இதயம் நின்னுடலாம். நான் ஒளிச்சுச் சொல்ல மாட்டேன். என்ன சாப்பிட்டான் இவன்?"

"தயிர்சோறு" என்றார் பாண்டுரங்கன்.

"பூனை தயிர்சோறு தின்னு உயிரோட இருக்காது சார். வேற?"

"பாக்கெட் தீனி. சைவந்தான். பச்சப் புள்ளி போட்டது."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க" என்றார்.  பூனை உயிர் ஊசலாடுகிறது, டாக்டர் கேட்கிறார், அப்போதும் பொய் வருகிறதே என்று தன் மீதே அருவருப்பாக இருந்தது. ஆனால் பக்கத்தில் தையல்நாயகி நின்றாள்.

தையல்நாயகி மஞ்சப் பையைத் திறந்தாள். முதலில் அந்தத் தீனிப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு உள்ளே கைவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த கண்ணாடி பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் பாத்துருங்க டாக்டர். கருவாடு கலந்துருக்குது."

 டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். உதவிக்கு இருந்த பெண்ணைக் கூப்பிட்டு மேஸ்திரியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே மர பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பாண்டுரங்கன்தான் முதலில் கேட்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். கருவாட்ட வறுத்துக்கினு வந்த கைய சோப்புப் போட்டா வாடை பூடுமா?" அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரை அதிகம் கலக்கியது. "பின்னாலயே மாடிக்கு வந்தேன். திட்டலாம்னுதான் வந்தேன். அது துன்னுக்கினு இருந்துச்சி. மூணு நாளு பட்டினி கெடந்த உசுரு, தட்ட வுட்டுத் தலையத் தூக்காம துன்னுக்கினு இருந்துச்சி. புடுங்கிக் கொட்ட எனக்கு மனசு வரலங்க. எறங்கி வந்துட்டேன். வேண்டுதல் அன்னிக்கே பூட்ச்சி. தெரிஞ்சிக்கினே தெனம் வெளக்கேத்திக்கினு இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே தையலு."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

 அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கலைக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?" என்று கேட்டாள், அவரைப் பார்க்காமல். வழியெல்லாம் அவர் எதை நினைத்து நடுங்கினாரோ அதையே அவளும் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "ஒண்ணும் ஆவாது" என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் அன்புச்செல்வி ஒரு சின்னத் தட்டைக் காட்டினார். அடியில் பொடி மணல்போல ஏதோ படிந்திருந்தது. "இதுதான் அடைச்சிருந்துது. கழுவி எடுத்துட்டேன். ட்யூப் வழியா வெளிய வருது, ரத்தத்தோட. இனிமே அது நிக்காம சொட்டணும். நாளைக்கு ராத்திரி வரைக்கும் சொட்டிக்கிட்டே இருந்தா பொழைச்சுக்குவான்னு சொல்லலாம். இப்ப சொல்ல முடியாது."

பிறகு தீனிப் பையை எடுத்தார். பூனைப் படத்தின் ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினார். படம் தோலுரிவதுபோலக் கிளம்பி வந்தது. அது பையில் அச்சடித்தது அல்ல. மேலே ஒட்டிய ஸ்டிக்கர். அடியில் ஒரு நாய், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாண்டுரங்கனைப் பார்த்துச் சிரித்தது.

"நாய்க்குப் போடற சைவத் தீனி சார். அதுவும் தேதி முடிஞ்சது, இங்க பாருங்க, பழைய தேதி மேல புதுத் தேதி ஒட்டியிருக்கான். செஞ்சவங்க முகவரி இல்ல. நாய் சமாளிச்சுக்கும். பூனை கறி மீன் திங்கவே பொறந்த ஜென்மம். அதுக்கு தானிய மாவா போட்டா மூத்திரத்துல இந்த மணல் கட்டும். ஆண் பூனைக்கு வழி ரொம்பக் குறுகல். அதுக்கு மேல கருவாட்டு உப்பு. தண்ணி குடிக்கிற பழக்கமே பூனைக்குக் கம்மி. மீனை அவிச்சு, உப்பு போடாம, முள்ளு எடுத்து, அந்தத் தண்ணியோடவே கொடுத்துட்டு இருந்திருந்தீங்கன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க."

முப்பது வருடமாக ஆயிரம் மூட்டையை நகத்தால் சுரண்டியவர் பாண்டுரங்கன். இந்தப் பையை ஒரு தடவை சுரண்டியிருந்தால் போதும். டாமி என்று எந்த ஊரில் பூனைக்குப் பெயர் வைக்கிறார்கள்?  பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் மற்றது எதையும் பார்க்கத் தோன்றாமல் போய்விட்டது அவருக்கு. அது தங்களுக்கான புள்ளி, பூனைக்கு அதனால் என்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

"முழிச்சதும் இன்னா குடுக்கறது?" என்று கேட்டாள் தையல்நாயகி.

டாக்டர் அலமாரியிலிருந்து ஈரத் தீனிப் பொட்டலம் இரண்டை எடுத்து நீட்டினார். தையல்நாயகி வாங்கினாள். அதில் பச்சைப் புள்ளி இல்லை. அசைவத்துக்கான செம்பழுப்புக் குறி இருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கணவனிடம் கொடுத்து, "தேதி பாருங்க. அட்ரஸ் போட்டுக்கீதா பாருங்க" என்றாள். பாண்டுரங்கன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, ஓரங்களை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இருக்குது" என்றார். அவள் அதைத் திரும்ப வாங்கி, காலையில் சூடம் சாம்பிராணி வாங்கி வந்த அதே மஞ்சப் பையில் போட்டுக்கொண்டாள்.

மயக்கம் தெளிய நேரமாகி, இருட்டிய பிறகுதான் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். கூண்டில் மேஸ்திரி கிடந்தான். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம். முன்னங்காலில் குளுக்கோஸ் ஊசி. வாலுக்கு அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, கூண்டுக்கு வெளியே தொங்கிய பையில் இறங்கியது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. அவனைப் பார்த்ததும் பாண்டுரங்கனுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பூனைக்காக அழுவதா என்று அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. மணி ஏழு.

இருவரும் போனைப் பார்த்தார்கள். திரையில் கலைப்பிரியாவின் முகம் வட்டமாகச் சிரித்தது. "தூங்கறான்னு சொல்லிடலாம்" என்றார் பாண்டுரங்கன் அவசரமாக. "வீடியோ வோணாம், சார்ஜ் இல்லன்னு..." தையல்நாயகி கூடாது என்று தலையை ஆட்டினாள். அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது. பாண்டுரங்கன் எடுத்து, முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

"ப்பா, எங்க கீறீங்க? பின்னால செவுரு வேற மாரி கீது."

"இங்கதாம்மா... லூர்துமேரி வூட்ல."

"மேஸ்திரி எங்க?"

"தூங்கறான்."

 திரையில் கலைப்பிரியாவின் முகம் அசையாமல் நின்றது. பாண்டுரங்கன் நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தார். போகவில்லை. அவள் மூச்சு வாங்குவது தெரிந்தது.

"ப்பா. போன தடவ ஆஸ்பத்திரியில நீங்களும் அம்மாவும் இப்படித்தான் மூஞ்சிய வெச்சிக்கினு இருந்தீங்க. எல்லாம் நல்லா கீது, தூங்கும்மான்னு சொன்னீங்க. அதுக்கு மொத தடவயும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் மறுநாளுதான் சொன்னீங்க." அவள் குரல் உடைந்து, திரும்ப ஒட்டியது. "யாரும் எதயும் சொல்லாம நல்லா கீது நல்லா கீதுன்னா, அப்பதாம்பா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. சொல்லிடுங்க. செத்துட்டானா?"

 தையல்நாயகி பாண்டுரங்கன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சாவல. ஒண்ணுக்கு அடைச்சிக்கிச்சி. ஒங்கப்பா தப்பான தீனிய வாங்கிப் போட்டாரு, நானும் தெரிஞ்சி சும்மா இருந்தேன். ஒன் வூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் ஆஸ்பத்திரில கீறோம். ட்யூப் போட்டுருக்காங்க. பொழைப்பானான்னு நாளைக்கு ராத்திரிதான் தெரியும்ன்றாங்க. இதான் நெசம், இதுக்கு மேல ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுத் தையல்நாயகி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "ஒரு போன் போட்டுருந்தா காலையிலயே சொல்லியிருப்பேனே ப்பா" என்றாள் கலைப்பிரியா. "ஆம்பளப் பூன முக்குனா ஓடணும்னு எனக்குத் தெரியுமே. ரெண்டு வருசம் முன்ன ஒரு தடவ அவனுக்கு வந்துருக்கே. நீங்க கேக்கவே இல்லியே."

"ஒனக்குக் கஷ்டமாயிடும்னு..." என்று ஆரம்பித்தார் பாண்டுரங்கன்.

"அவனக் காட்டுங்க."

தையல்நாயகி போனைக் கூண்டுக்கு அருகே கொண்டுபோனாள். "டேய் மேஸ்திரி" என்றாள் கலைப்பிரியா. பிளாஸ்டிக் வளையத்துக்குள் ஒரு காது திரும்பியது. அவ்வளவுதான், கண் திறக்கவில்லை.

"ப்பா, அந்தப் பையக் காட்டுங்க. ட்யூப் போற பையி. சொட்டுதா?"

பாண்டுரங்கன் போனை வாங்கிக் கூண்டுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, பைக்கு நேராகப் பிடித்தார். படம் ஆடாமல் இருக்க இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டார். குழாயின் முனையில் இளஞ்சிவப்பாக ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது.

"வுழுந்துச்சி" என்றாள் கலைப்பிரியா.

"வுழுந்துச்சிம்மா."

"வெச்சிடாதீங்க ப்பா. அடுத்தது வுழற வரைக்கும் அப்படியே புடிச்சிக்கினு இருங்க. நானும் பாக்கறேன்."

அவர் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல்நாயகியும் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். குழாயின் முனை வெறுமையாக இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.